பட்ட மரத்துக் கரும்புள்ளிகள்: முதலில் தண்ணீர், பிறகு கரைசல்

செத்துக் கிடக்கும் கிளையைத் திருப்பிப் பார்த்தால் கடுகளவு கருப்புப் புள்ளிகள், கருத்துப் படர்ந்த ஓடுகள், குண்டூசித் தலையைவிடச் சிறிய சிவப்பு உருண்டைகள் எல்லாம் கண்ணில் படும். இவற்றில் பெரும்பாலானவை ஆஸ்கோமைசீட் பூஞ்சைகள், அதாவது ஆஸ்கஸ் என்னும் நுண்ணிய பைக்குள் ஸ்போரை (விதை போன்ற வித்துத்துகளை) உருவாக்குபவை. போட்டோவை மட்டும் வைத்து இவற்றின் சிற்றினத்தைச் சொல்வது ஆகாத காரியம். பல நேரம் பேரினத்தையே சொல்ல முடியாது. வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு, நுண்ணோக்கியில் வைத்தால் தூரத்து உறவாகக்கூட இருக்காது.

டால்டினியாவை எடுத்துக்கொள்வோம். பட்ட மரத்தில் கரி உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அறுத்தால் வளையம் வளையமாகத் தெரியும். பார்த்தவுடன் 'டால்டினியா கான்சென்ட்ரிகா' என்று எழுதிவிடுவது வெகுகாலப் பழக்கம். உண்மையான கான்சென்ட்ரிகா ஐரோப்பாவில், பெரும்பாலும் ஆஷ் மரத்தில் வருவது. அதன் ஸ்போர் சுமார் 13 முதல் 17 மைக்ரோமீட்டர் நீளம். வெப்ப மண்டலத்தில் அந்தப் பெயரில் பதிவானவற்றில் பல, டால்டினியா எஷ்ஷோல்ட்சியை. அதன் ஸ்போர் பெரும்பாலும் 10-இலிருந்து 13, 14-க்குள் அடங்கிவிடும். வளையம் இரண்டிலும் உண்டு, கருப்பு இரண்டிலும் உண்டு. மூன்று மைக்ரோமீட்டரை நம்பகமாக அளக்கத் தெரிந்தவருக்குத்தான் வேறுபாடு பிடிபடும்.

இந்தக் குழுவில் தவறான பெயர்கள் வருவதற்குப் பெரிய காரணம் லென்ஸின் தரம் இல்லை. வேலையைச் செய்யும் வரிசை தப்புவதுதான். எடுத்த எடுப்பிலேயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்திலோ லாக்டோபீனால் என்னும் பதப்படுத்தும் திரவத்திலோ போட்டுவிட்டால் பாதித் தகவல் அந்த நொடியே போய்விடும், திரும்ப வராது.

சேகரிப்பிலிருந்து தொடங்கலாம். காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. தோப்பும் சாலையோர மரமும் வீட்டுக் கொல்லை விறகுக் குவியலுமே ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் வேலை தரும். பூஞ்சையை மட்டும் சுரண்டி எடுக்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் கட்டையோடு, பட்டையும் கொஞ்சம் சேர்த்து, கத்தியால் செதுக்கி எடுங்கள். பட்டைக்கு அடியில் புதைந்து வாயை மட்டும் வெளியே நீட்டுகிறதா, மரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா, சுற்றிலும் கட்டைக்குள் கருப்புக் கோடு ஓடுகிறதா என்பதெல்லாம் அடையாளங்கள். மரத்தின் பெயர் மிக முக்கியம். தெரியாவிட்டால் இலை, பட்டை இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் நம் ஊர் வெக்கைக்கு ஒரே இரவில் ட்ரைக்கோடெர்மாவின் பச்சைப் பூசணம் ஏறிவிடும். பழைய செய்தித்தாளில் செய்த பொட்டலமே போதும்.

கொண்டுவந்தது பிஞ்சாக இருந்தால் மூடியுள்ள டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து, கட்டை அதைத் தொடாதபடி இரண்டு குச்சிகளின்மேல் வைத்து, சில நாள் விடலாம். கட்டையை ஊறவைக்கக் கூடாது. ஊறினால் பாக்டீரியா பெருகி உள்ளே இருப்பது கூழாகிவிடும். தினமும் திறந்து பாருங்கள். மைட் பூச்சிகள் நுழைந்துவிட்டால் ஸ்போர்களைத் தின்று தீர்த்துவிடும். முதிர்ந்ததற்கு நம்பகமான அடையாளம், புள்ளியின் வாயைச் சுற்றிக் கருந்தூளாக ஸ்போர் உதிர்ந்து கிடப்பது. சைலேரியா, ஹைப்பாக்சிலான் வகைகளின் ஸ்போர் முதிர்ந்தபின் கரும்பழுப்பு, பிஞ்சில் நிறமற்றது. பிஞ்சு ஸ்போரை வைத்துத் திறவுகோலில் (கேள்வி கேள்வியாகப் பெயரை நோக்கி நடத்திச்செல்லும் அட்டவணையில்) நுழைந்தால் முதல் கேள்வியிலேயே தப்பான கிளையில் போய் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது பெரித்தீசியத்தை, அதாவது ஆஸ்கஸ்கள் அடங்கிய குடுவை போன்ற அந்தப் புள்ளியை, திறப்பது. ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 20 முதல் 40 மடங்கில் வைத்து, புதிய ஷேவிங் பிளேடின் மூலையால் புள்ளியின் தலையை மட்டும் சீவி எடுங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஜெல்லி போன்ற பொருள் தெரிந்தால் நல்ல நிலை. காலியாகவோ வெள்ளைத் தூளாகவோ இருந்தால் அடுத்த புள்ளிக்குப் போங்கள். திறந்த குழிக்குள் ஒரு சொட்டு தண்ணீர் விட்டு அரை நிமிடம் பொறுத்து, மெல்லிய ஊசியால் அந்த ஜெல்லியை மட்டும் தூக்கி சிலைடில் தயாராக வைத்த தண்ணீர்த் துளியில் விடுங்கள். கடுகில் பாதி அளவு வேண்டாம், அதில் பத்தில் ஒரு பங்கு போதும். அதிகம் எடுத்தால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து எதையும் அளக்க முடியாது. கவர்ஸ்லிப்பை ஒரு ஓரமாகச் சாய்த்து இறக்கி, பென்சிலின் ரப்பர் முனையால் லேசாகத் தட்டினால் ஆஸ்கஸ்கள் தனித்தனியாகப் பிரியும். கருப்புச் சுவர்த் துண்டு ஒன்று இடையில் மாட்டியிருந்தால் கவர்ஸ்லிப் தூக்கிக்கொண்டு நிற்கும், 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் ஃபோகஸே கிடைக்காது. எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இப்போது தண்ணீரில், உயிரோடு பார்க்கிறோம். இதை ஒரு முறையாகவே வகுத்து வலியுறுத்தியவர் ஜெர்மனியின் ஹன்ஸ்-ஓட்டோ பாரல். உலர் மாதிரியை மட்டும் வைத்துச் செய்யும் வகைப்பாட்டில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை 1992-இல் அவர் விரிவாக எழுதினார். உயிருள்ள முதிர்ந்த ஆஸ்கஸ் உள்ளழுத்தத்தால் புடைத்து நிற்கும். செத்ததும் அதுவே கணிசமாக ஒல்லியாகிக் குட்டையாகும். ஸ்போருக்குள் எண்ணெய்த் துளிகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, எங்கே இருக்கின்றன என்பது பல பேரினங்களில் தீர்மானமான குணம். செல் செத்துவிட்டால் சிறு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பெரிய துளியாகிவிடும், அதைப் பார்த்து 'ஒரு துளி' என்று எழுதினால் பொய்த் தகவல். மொல்லிசியா போன்ற கிண்ண வடிவச் சிறு பூஞ்சைகளில் ஆஸ்கஸ்களுக்கு இடையே நிற்கும் பேராபைசிஸ் இழைகளுக்குள் கண்ணாடி போல் மின்னும் பெரிய வாக்குவோல்கள் (திரவப் பைகள்) இருக்கும். அவை உயிருள்ளபோது மட்டுமே தெரியும், செல்லைக் கொல்லும் கரைசல் பட்டால் மறைந்துவிடும். பேராபைசிஸ் நுனியின் வடிவத்தையும் இப்போதே வரைந்துகொள்ளுங்கள். சிலைடு பத்துப் பதினைந்து நிமிடத்தில் காயத் தொடங்கும். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதே தண்ணீர் சிலைடில் ஆஸ்கஸ் சுவர் ஒற்றையா இரட்டையா என்றும் பார்த்துவிடலாம். தடித்த சுவருள்ள ஆஸ்கஸ், வெளியுறை கிழிந்து உள்ளுறை மட்டும் இரண்டு மடங்கு நீண்டு வெளியே வந்து நின்றால் அது டோத்திடியோமைசீட் என்னும் பெரும் பிரிவின் பக்கம். லோஃபியோஸ்டோமா, படகு வடிவ ஹிஸ்டீரியம் எல்லாம் அங்கேதான். சைலேரியா, நெக்ட்ரியா, டயாட்ரைப் எல்லாம் ஒற்றைச் சுவர்ப் பக்கம். ஆஸ்கஸுக்குள் ஸ்போர் எண்ணும்போதும் கவனம் வேண்டும். ட்ரைக்கோடெர்மாவின் பாலின நிலையில் எட்டு ஸ்போரும் இரண்டு செல் கொண்டவை. அவை ஆஸ்கஸுக்குள்ளேயே இரண்டாக உடைந்து பதினாறு உருண்டைகளாகத் தெரியும். பதினாறு எண்ணியவுடன் 'பல ஸ்போர்' பிரிவுக்குப் போகாமல், அவை ஜோடி ஜோடியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். டயாட்ரைபெல்லாவிலோ உண்மையாகவே ஒரு ஆஸ்கஸுக்குள் எண்ண முடியாத அளவு ஸ்போர் நிரம்பியிருக்கும். லேசாக வளைந்த சிறு உருளைகள், பழுப்பேறிய மஞ்சள்.

இனி அயோடின். பலவற்றில் ஆஸ்கஸ் நுனியில் ஸ்போர் வெளியேறும் வாயிலில் ஒரு வளையம் இருக்கும். அது அயோடினில் நீலமாகிறதா என்பது இந்தக் குழு முழுவதற்கும் முதல் கேள்விகளில் ஒன்று. பழைய நூல்கள் மெல்சர் என்னும் அயோடின் கரைசலைச் சொல்லும். அதில் குளோரல் ஹைட்ரேட் உண்டு, எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் லுகால் கரைசலே மேல் என்பது என் உறுதியான கருத்து. 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 1 கிராம் அயோடின் என்பது லுகாலின் அளவு. அயோடைடை முதலில், மிகக் கொஞ்சம் தண்ணீரில் கரைக்க வேண்டும். அயோடின் அந்த அடர்ந்த கரைசலில் சட்டென்று கரையும், வெறும் தண்ணீரில் நாள் முழுக்கக் கிடந்தாலும் கரையாது. கரைந்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் இதற்கு மாற்று ஆகாது. கரைசல் இன்னும் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோற்றுப் பருக்கையில் சொட்டுவிட்டுப் பாருங்கள், உடனே கருநீலமாக வேண்டும்.

மெல்சர் ஏன் ஏமாற்றுகிறது? சில பூஞ்சைகளின் நுனி வளையம் லுகாலில் நீலமாகாமல் செங்கல் சிவப்பாக மாறும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்த பிறகு அதே வளையம் நீலமாகும். இதை அரை அமிலாய்டு என்பார்கள். மெல்சரில் உள்ள குளோரல் ஹைட்ரேட் அந்தச் சிவப்பைத் தடுத்துவிடுவதால் 'எதிர்வினை இல்லை' என்று எழுதிவிடுவோம். அந்தப் பதிவை நம்பி அடுத்தவரும் வழி தவறுவார். ஆகவே செய்முறை இதுதான்: உயிருள்ள தண்ணீர் சிலைடின் ஒரு ஓரத்தில் லுகால் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ தாளை வைத்து மெல்ல இழுங்கள். கரைசல் நுழையும் எல்லையில் அடர்த்தி குறைவு, பின்னால் வர வர அதிகம். சில வளையங்கள் குறைந்த அடர்த்தியில் நீலமாகவும் அதிக அடர்த்தியில் சிவப்பாகவும் நிற்கும், அந்த மாற்றம் இந்த எல்லையில்தான் கண்ணில் படும். நிறமே வராவிட்டால் புதிய சிலைடில் ஹைட்ராக்சைடு விட்டு, பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவி, மறுபடி லுகால் கொடுங்கள். கழுவாமல் விட்டால் காரம் அயோடினை வெளுக்கச் செய்துவிடும், எதுவும் தெரியாது. எந்த முன்வேலைக்குப் பிறகு எந்த நிறம் வந்தது என்று சேர்த்தே எழுதுங்கள்.

நீலம் வந்ததோடு நிறுத்திவிடக் கூடாது. வளையத்தின் வடிவத்தையும் பாருங்கள். ஹைப்பாக்சிலான், டால்டினியா இரண்டிலும் அது தட்டையான வட்டு, பக்கவாட்டில் மெல்லிய நீலக் கோடாகத் தெரியும். சைலேரியாவில் உயரம் அதிகம், கவிழ்த்த தொப்பி வடிவம். டயபார்தேயில் வளையம் ஒளியை முறித்து மின்னும், ஆனால் நீலமாகாது. ஆஸ்கஸின் காம்பு கரைந்துபோவதால் ஆஸ்கஸ்கள் கட்டின்றி மிதக்கும். நிறமற்ற இரட்டைச் செல் ஸ்போரில் நான்கு எண்ணெய்த் துளிகளும் இருந்தால் அந்தப் பக்கம் போகலாம். ஸ்போரை எல்லாம் வெளியேற்றிவிட்ட கிழட்டு ஆஸ்கஸில் வளையத்தைத் தேடாதீர்கள்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இரண்டு வலிமையில் வேண்டும்: 3 சதவீதம், 10 சதவீதம். 10 மில்லி தண்ணீரில் 1 கிராம் போட்டால் ஏறக்குறைய பத்துச் சதவீதம், இந்த வேலைக்கு அந்தத் துல்லியம் போதும். தண்ணீரில்தான் குருணையைப் போட வேண்டும், குருணைமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடி மூடி போட்ட பாட்டில் இறுகிப்போகும், பிளாஸ்டிக் சொட்டுப் பாட்டில் நல்லது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி வலிமை குறையும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்யுங்கள். லென்ஸ் முனையில் பட்டால் உடனே துடைக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

பத்துச் சதவீதத்தின் முதல் வேலை ஹைப்பாக்சிலான் குடும்பத்தின் நிறமியை வெளியே இழுப்பது. மேலோட்டின் தோலுக்கு அடியில், பெரித்தீசியங்களைச் சுற்றி, நிறக் குருணைகள் இருக்கும். ஒரு சிறு செதிலைப் பெயர்த்து, வெள்ளைத் தாளின்மேல் வைத்த சிலைடில் ஒரு சொட்டுக்குள் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். ஹைப்பாக்சிலான் ரூபிகினோசம், பீச் மரத்தில் வரும் ஹைப்பாக்சிலான் ஃபிராஜிஃபார்மி இரண்டும் பளிச்சென்று ஆரஞ்சைக் கக்கும். அன்னுலோஹைப்பாக்சிலான் வகைகள் பல, பச்சை கலந்த ஆலிவ் நிறம் தரும். பெரித்தீசியத்தின் வாயைச் சுற்றி அமுங்கிய வட்டத் தட்டும் இருந்தால் அந்தப் பேரினம் என்று நம்பலாம். 2005-இல்தான் அதை ஹைப்பாக்சிலானிலிருந்து பிரித்தார்கள், பழைய நூல்களில் ஹைப்பாக்சிலான் என்றே இருக்கும். டால்டினியா எஷ்ஷோல்ட்சியை கருமை கலந்த ஊதா தரும். வெயிலிலும் மழையிலும் நைந்த கிழட்டு மேலோட்டில் நிறமி தீர்ந்துபோயிருக்கும். அப்போது வரும் மங்கிய பழுப்பை விடையாக எடுத்துக்கொள்ளாமல் இளம் பகுதியைத் தேடுங்கள்.

சிவப்பு உருண்டைகளுக்கு மூன்று சதவீதமே போதும். நெக்ட்ரியா குடும்பத்தின் சிவப்புச் சுவர், ஹைட்ராக்சைடில் அடர் சிவப்பாக அல்லது ஊதாவாக மாறி, லாக்டிக் அமிலம் விட்டதும் மஞ்சளாகும். பார்வைக்கு அதே போல இருக்கும் பயோநெக்ட்ரியா குடும்பத்தில் எந்த மாற்றமும் வராது. இவ்வளவு மலிவாக இரண்டு குடும்பத்தைப் பிரித்துத் தரும் சோதனை வேறு இல்லை. ஒரு பழைய கருப்பு மேலோட்டின் மேலேயே இந்தச் சிவப்புப் புள்ளிகள் உட்கார்ந்திருந்தால் அது காஸ்மோஸ்போராவோ அதன் உறவோ ஆக இருக்கலாம், கீழே இருக்கும் பூஞ்சையே அதற்கு உணவு. எனவே கீழே இருப்பதையும் அடையாளம் காண வேண்டும்.

கரும்பழுப்பு ஸ்போரில் முளைப்பிளவு என்று ஒரு மெல்லிய கோடு உண்டு. ஸ்போர் முளைக்கும்போது திறக்கும் இடம். டால்டினியாவிலும் ஹைப்பாக்சிலானிலும் அது வழக்கமாக அதிகம் வளைந்த பக்கத்தில், ஸ்போர் நீளத்துக்கு நேராக ஓடும். எண்ணெய் லென்ஸில் ஸ்போரின் நடுவில் ஃபோகஸ் வைத்தால் தெரியாது, மேல்பரப்புக்கு வர வேண்டும். கோடு அடிப்பக்கம் திரும்பியிருக்கும் ஸ்போர்களும் உண்டு. கவர்ஸ்லிப் ஓரத்தை ஊசியால் தொட்டால் அவை உருளும், உருளும்போது கண்ணை எடுக்காதீர்கள். கண்டென்சர் திரையைச் சற்று மூடினால் கோடு எடுப்பாகத் தெரியும். ஐரோப்பாவின் சைலேரியா பாலிமார்ஃபாவும் சைலேரியா லாங்கிபெஸும் இரண்டுமே கட்டையிலிருந்து எழும் கருப்பு விரல்கள், இளசில் அடிக்கடி குழப்பும். பாலிமார்ஃபாவின் ஸ்போர் 20-இலிருந்து 30-ஐ ஒட்டிய நீளம், முளைப்பிளவு நேர்க்கோடு, ஸ்போரின் முழு நீளத்துக்கு ஓடாது. லாங்கிபெஸின் ஸ்போர் 13 முதல் 15 சுமார், பிளவு திருகலாகச் சுற்றிச் செல்லும். ஒரே ஒரு ஸ்போர் சரியாக உருண்டு கொடுத்தால் கேள்வி முடிந்தது. இதே ஸ்போர்களைப் பத்துச் சதவீத ஹைட்ராக்சைடில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தால் ஹைப்பாக்சிலான், டால்டினியா வகைகள் பலவற்றில் மேலே ஒட்டிய கண்ணாடித் தோல் ஒன்று உரிந்து வரும். உரிகிறதா இல்லையா என்பதும் திறவுகோலில் வரும் கேள்வி.

அளவெடுப்பில் சமரசம் கூடாது. 1 மில்லிமீட்டரை 100 பங்காகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் (சிலைடில் பொறித்த அளவுகோலில்) ஒரு பங்கு 10 மைக்ரோமீட்டர். கண்லென்ஸில் உள்ள அளவுகோலின் 100 கோடுகள் அதில் 10 பங்கோடு பொருந்தினால் ஒரு கோடு ஒரு மைக்ரோமீட்டர். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். கைப்பேசிப் படத்திலிருந்து அளப்பவர்கள் ஜூமைத் தொட்டால் அளவுத்திருத்தம் செல்லாது. தானாக வெளியேறிய ஸ்போரை அளங்கள், ஆஸ்கஸுக்குள் இருப்பதை அல்ல. ஈரக்கட்டையின் மேல் கவர்ஸ்லிப்பை ஒட்டாமல் ஒரு இரவு நிறுத்திவைத்தால் அதில் வந்து விழுந்திருப்பவை முழு முதிர்ச்சி பெற்றவை. குறைந்தது முப்பது ஸ்போரை அளக்க வேண்டும், பக்கவாட்டில் முழுதாகக் கிடப்பதை மட்டும். 1.25 துளையெண் (லென்ஸின் பிரித்துக் காட்டும் திறனைக் குறிக்கும் எண்) உள்ள எண்ணெய் லென்ஸ், பச்சை ஒளியில் பிரித்துக் காட்டக்கூடியது கால் மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல்தான். எனவே '11.37' என்று எழுதுவதில் பொருள் இல்லை, அரை மைக்ரோமீட்டருக்கு முழுமைப்படுத்துங்கள். தண்ணீரிலா கரைசலிலா, உயிரோடா செத்தா என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.

ஆஸ்கஸின் அடிப்பகுதியைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அங்கே கொக்கி போல் வளைந்த செல் உண்டா, நேராகக் கிளம்புகிறதா என்பது, குறிப்பாகக் கிண்ணப் பூஞ்சைகளில், மிகப் பெரிய வேறுபாடு. ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கும் ஹைமெனோசைஃபஸ் ஃபிராக்சினியஸும், உதிர்ந்த ஆஷ் இலைக்காம்பில் காலங்காலமாக யாருக்கும் கெடுதல் செய்யாமல் வாழும் ஹைமெனோசைஃபஸ் ஆல்பிடஸும் பார்வைக்கு ஒன்றே. 2011-இல் மரபணுவை வைத்துப் பிரித்தார்கள். பிறகு நுண்ணோக்கியிலேயே வழி கிடைத்தது: கொல்லும் பூஞ்சையில் கொக்கி உண்டு, மற்றதில் இல்லை. பார்ப்பதற்கு, இளம் ஆஸ்கஸ்களை ஹைட்ராக்சைடில் வைத்துக் காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, கவர்ஸ்லிப்பை அழுத்தி நன்றாகப் பிரிக்க வேண்டும். முதிர்ந்தவற்றின் அடி அறுந்து வந்துவிடும்.

கட்டையில் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ பூசினாற்போல் இருப்பதில் ஆஸ்கஸே கிடைக்கவில்லை என்றால் அது பேசிடியோமைசீட்டாக (குடைக்காளான்கள் சேர்ந்த பிரிவாக) இருக்க வாய்ப்பு அதிகம். ஹைஃபாவின் (பூஞ்சை இழையின்) குறுக்குச் சுவரில் பிடிப்பு வளைவு (சுவரைத் தாண்டி வளைந்து ஒட்டும் சிறு கொக்கி) இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்கு வேறு திறவுகோல், வேறு வேலை.

எல்லாம் முடிந்ததும் மீதிக் கட்டையை 40 டிகிரிக்குள் காயவைத்து, பூச்சி முட்டைகள் சாகப் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்கக் கூடாது, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் படிந்து பூசணம் வரும். பொட்டலத்துக்குள் தேதி, இடம், மரம், ஸ்போர் அளவு, அயோடின் நிறம், ஹைட்ராக்சைடு நிறம், வரைபடம் ஆகியவற்றை எழுதிய தாளும் இருக்க வேண்டும். நிறமி திறவுகோலோடு பொருந்தி ஸ்போர் அளவு பொருந்தாவிட்டால், கிட்டத்தட்ட வரும் சிற்றினப் பெயரை எழுதாமல் பேரினப் பெயரோடு நிறுத்தி, பொருந்தாத எண்ணை அடியில் கோடிட்டு வையுங்கள். பிற்பாடு அந்தப் பொட்டலத்தைத் திறப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த எண்தான்.